தூத்துக்குடி துறைமுகம்

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள செயற்கைத் துறைமுகம். இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரில் வழங்குகிறது. இலங்கை அரணாக நிற்பதால் இங்கே கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனால் கரையோரத்தில் ஆழம் கிடையாது. அந்தக் குறையை வெல்ல நடந்த முயற்சிகளே இத்துறைமுகத்தின் வரலாறு.

முத்தும் சங்கும் இவ்வூருக்குப் புகழ் தந்தன. அவற்றை நாடி 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினார்கள். பின்னர் ஊர் ஆங்கிலேயர் வசமானது. இந்தக் காலம் நெடுகிலும் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரமிட்டன. பருத்தி மூட்டைகளைத் தோணிகளே கப்பலுக்குச் சுமந்தன. பழைய துறைமுகத்திலிருந்து பாய்மரத் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடின. இந்தத் தோணித் தொழிலை உயிரோடு வைத்திருந்தது பரதவர் என்னும் கடலோடிச் சமூகத்தினரின் கடலறிவு.

1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டினார். போட்டிக்கு நின்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. 1908இல் வ.உ.சி. சிறைசென்றபின் சுதேசிக் கம்பெனி நொடித்துப்போனது.

விடுதலைக்குப் பிறகு, ஆற்காடு இராமசாமி முதலியார் குழு இங்கே ஆழ்கடல் துறைமுகம் அமைக்கப் பரிந்துரைத்தது. 1964இல் பணி தொடங்கியது. கருங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். இடைப்பட்ட கடலைத் தோண்டி ஆழப்படுத்திக் கப்பல்தளங்கள் கட்டப்பட்டன. 1974 ஜூலை 11 அன்று இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய துறைமுகமும் இதனுடன் இணைந்தது.

தென் மாவட்டங்களின் தொழில்களுக்கு இதுவே கடல்வாசல். அருகிலுள்ள அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. உரத் தொழிற்சாலையும் இத்துறைமுகத்தை நம்பி எழுந்ததே. முந்திரிக்கொட்டையும் மரமும் இறங்குகின்றன; உப்பும், கரூர் ஜவுளியும், அண்மை ஆண்டுகளில் காற்றாலை இறக்கைகளும் ஏறுகின்றன.

இருந்தும் ஆழத்தின் பிரச்சினை தீரவில்லை. 18 மீட்டர் ஆழமுள்ள கொழும்பு முனையத்தில் நிற்கும் மாபெரும் பெட்டகக் கப்பல்கள் இங்கே நுழைய முடியாது. அதனால் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி சிறு கப்பல்களில் கொழும்பு சென்று அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. இந்தக் கூடுதல் செலவையும் தாமதத்தையும் நம் ஏற்றுமதியாளர்களே சுமக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட வெளித்துறைமுகத் திட்டம் பெரிய கப்பல்களை நேரடியாக இங்கு வரவழைப்பதற்கானது.