திருமறையின் ஆணை

1521-ஆம் ஆண்டில் வோர்ம்ஸ் நகரப் பேரவையின் முன் நின்ற மார்ட்டின் லூதரை, அவர் எழுதிய நூல்களைத் துறக்குமாறு பணித்தனர். வேதவாக்கியத்தாலோ தெளிந்த நியாயத்தாலோ தம் பிழையை மெய்ப்பித்தாலன்றித் துறக்க இயலாது என்றார் அவர். போப்பாண்டவரும் சங்கங்களும் தவறக்கூடும் என்பது அவர் துணிபு. கத்தோலிக்கத் திருச்சபையோ, மறைநூலோடு மரபும் ஒப்ப மதிக்கத்தக்கதென 1546-இல் திரெந்து சங்கத்தில் விடை பகர்ந்தது.

நூலே ஆணையெனின் உழவனும் அதைப் படித்தறிய வேண்டுமன்றோ? லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522-இல் வெளிவந்தது. அக்கொள்கையே 1706-இல் தரங்கம்பாடிக்கும் கடல் கடந்து வந்தது. டேனிய மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, அவ்வூர்க் கோட்டைத் தளபதியின் சினத்துக்கு ஆளாகி நான்கு திங்கள் சிறையிருந்தார். ஆயினும் 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். ஹாலே நகரினின்று வந்த அச்செழுத்துக்கள் அளவிற் பெரியன, காகிதமோ அரிது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்து வார்த்தனர். 1715-இல் அச்சேறி முடிந்த அந்நூலே இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு. (கல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு அண்மையிலுள்ள செராம்பூரும் அந்நாளில் டேனியர் ஊரே. கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு 1801-இல் அங்குதான் அச்சாயிற்று.)

மூலத்துக்குரிய ஆணை நாளடைவில் மொழிபெயர்ப்பின் சொல்லுக்கும் உரியதாயிற்று. பப்ரிசியுஸ் கடவுளைப் 'பராபரன்' என்றார்; பின்வந்த திருத்தக் குழுவினர் 'தேவன்' என்றனர். லுத்தரன் சபையார் பலர் அப்புதுச் சொல்லை ஏலாது, பப்ரிசியுஸின் பழைய நூலையே நெடுங்காலம் ஆலயத்தில் ஓதி வந்தனர்.