எங்க ஊரைச் சேர்க்க யாரைக் கேட்டாங்க?

போன வாரம் சென்னையிலிருந்து பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "உங்க ஊராட்சியை மாநகராட்சியோட சேர்க்கப் போறாங்களாமே, வாழ்த்துகள்! இனி நிலம் விலை எங்கேயோ போயிடும்" என்றார். நான் சிரிச்சு மழுப்பிட்டேன். விக்கிறவனுக்குத்தான் விலை. உழுகிறவனுக்கு அது வெறும் எண். இதைப் போனில் சொன்னா சண்டையாகிடும். அதனால அவருக்குச் சொல்ல நினைச்சதை இங்கே எழுதறேன்.

எந்த மாநகராட்சி, எந்த ஊர் என்று பேர் சொல்லப் போறதில்லை. தெற்குச் சீமையில் கண்மாய்ப் பாசனத்துல நெல் போடுற ஊர்னு வெச்சுக்குங்க. 2025 பிறந்ததும் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளை நகரங்களோட சேர்க்கிற பட்டியல். அதுல எங்க ஊரும் இருந்தது.

இது எங்களுக்குப் புதுசா இருக்கலாம், நகரங்களுக்குப் புதுசில்லை. மதுரைக்குப் போயிருக்கீங்களா? ரயிலடியை விட்டு வெளியே வந்தா மேல வெளி வீதி. பேரே 'வெளி'. ஆனா இன்னிக்கு அது நட்டநடு ஊர். ஒரு காலத்துல மதுரையைச் சுத்திக் கோட்டையும் அகழியும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் கோட்டையை இடிக்க வைத்து, அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில் உருவான தெருக்கள்தான் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம். 1866-ல் நகராட்சி, 1971-ல் மாநகராட்சி, 2011-ல் சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளைச் சேர்த்து 72 வார்டு 100 வார்டு ஆனது. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148-க்குப் போனது.

சென்னைக் கதை இன்னும் பழசு. 1639-ல் கடற்கரையோரம் ஒரு துண்டு நிலம். 1688-ல் மாநகராட்சி. அதுக்கப்புறம் ஊர் ஊராகச் சேர்த்துக்கிட்டே போனாங்க. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல். நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் 1708-ல். பெரம்பூர், வேப்பேரி 1742-ல். எல்லாம் நெல் விளைஞ்ச கிராமங்கள். அப்போ நவாபும் கம்பெனியும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டாங்க, உழுதவனை யாரும் கேக்கலை. அது ராஜா காலம், விடுங்க. 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி சேர்ந்து 174 சதுர கிலோமீட்டர் சென்னை 426 ஆச்சு. அப்பவும் அந்த 25 ஊராட்சிச் சனங்ககிட்ட யாரும் ஓட்டு வாங்கலை. இது மக்களாட்சிக் காலம்.

தி.நகரில் துணி எடுக்கப் போறவங்க ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. நீங்க நடக்கிற இடம் 1920-களில் ஒரு பெரிய ஏரியின் உள்வாய். நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கமா நீளமாக் கிடந்த ஏரியை வடிச்சு நகர் எடுத்தாங்க. மேற்கு மாம்பலத்துல இன்னும் 'லேக் வியூ ரோடு' இருக்கு. ரோடு இருக்கு, வியூ இல்லை, லேக்கும் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்கிறதும் ஏரி இருந்த இடம்தான். மதுரையில் தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகமே இருக்கு. உலகனேரியில் உயர்நீதிமன்றக் கிளை இருக்கு. கண்மாயை ஆக்கிரமிச்சவங்களைக் கண்டிக்கிற தீர்ப்பு, கண்மாய் இருந்த இடத்துல உட்கார்ந்து எழுதப்படுது. யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலை. ஊர் நகரமாகும்போது முதல்ல சாகிறது கண்மாய் என்கிறதுதான் நான் படிச்ச சரித்திரம்.

ஏன் அப்படி ஆகுது? கண்மாய் பிழைச்சிருக்கிறதே அதைக் கட்டிக் காக்கிற ஆட்களால். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் நாலையும் வருஷா வருஷம் பாக்கணும். உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லாரும் குடவோலைக்காகச் சொல்வாங்க. 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள். எனக்கு அதுல பிடிச்சது 'ஏரி வாரியம்'. ஏரியைப் பாக்குறதுக்குன்னே வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க. அது பிராமணர் சபை என்பதையும் மறைக்க வேண்டாம். என் பாட்டன் பூட்டன் அந்தக் குடத்துல ஓலை போட்டிருக்க முடியாது. அவங்க அந்த ஏரிக்கு மண் சுமந்திருப்பாங்க. வெள்ளைக்காரன் காலத்துல, குடிமராமத்துக்கு ஆள் வரலைன்னா கட்டாயப்படுத்த 1858-ல் ஒரு சட்டமே போட்டான்.

பிறகு 1884-ல் லோக்கல் போர்டு சட்டம், 1920-ல் கிராம பஞ்சாயத்துச் சட்டம், 1958-ல் காமராஜர் காலத்துப் பஞ்சாயத்துச் சட்டம். கடைசியாக 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, அதையொட்டி 1994-ல் இப்போதைய ஊராட்சிச் சட்டம். கிராம சபை என்கிற ஒன்றைச் சட்டம் உறுதியாக்கியது இப்போதான். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தா போதும், யாரும் எழுந்து நின்னு கணக்குக் கேக்கலாம். 40 ஹெக்டேருக்குக் குறைஞ்ச ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்க கண்மாயும் அந்த வகை. மடை திறக்கிற நாளை ஊர் கூடி முடிவு பண்ணும், நீர்ப்பாய்ச்சிக்கு அறுப்பில் நெல் அளப்போம். நூறு நாள் வேலையில் வரத்துக்காலைத் தூர் வாருறது பெரும்பாலும் பொம்பளைங்கதான்.

மாநகராட்சியில சேர்ந்தா இதுல பாதி இல்லை. நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும்னு போட்ட சட்டம். எல்லை மாறின அன்னிக்கே அட்டை செல்லாக்காசு. ஒன்பது வார்டு உள்ள எங்க ஊராட்சியில் மெம்பர் வீடு தெருக்கோடியில இருக்கும், ராத்திரி மோட்டார் ஓடலைன்னா கதவைத் தட்டலாம். சென்னையில் ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல. அந்தக் கவுன்சிலரும் எப்பவும் இருப்பார்னு சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிஞ்ச நகர்மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல அதிகாரிகள் ஆட்சி. ஊராட்சிகளுக்கும் தள்ளித்தான் போனது, ஆனா பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்துடுச்சு.

வரி கதை உங்களுக்கே தெரியும். 2022-ல் நகரத்துச் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறினப்போ முதல்ல புலம்பினவர் நான் மேலே சொன்ன நண்பர்தான். அவர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, கிராமத்து நிலத்தை அரசு எடுத்தா சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கிக் கணக்குப் போடலாம். நகர எல்லைக்குள் அந்தப் பெருக்கம் வெறும் ஒண்ணு. நாளைக்கு ஒரு ரிங் ரோடு எங்க வயலைக் கடந்து போனா, எந்தப் பேர்ப்பலகைக்கு உள்ளே இருக்கோம் என்பதில் எங்க நஷ்டஈடே தீர்மானமாகுது. விலை ஏறும்னு வாழ்த்தினாரே, அதுக்குப் பதில் இது.

சரி, இதையெல்லாம் முடிவு பண்றது யார்? அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவு. 74-ஆவது திருத்தத்தில் வந்தது. மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம் இதையெல்லாம் பார்த்து ஆளுநர் அறிவிக்கலாம். ஆளுநர் என்றால் நடைமுறையில் மாநில அரசு. அந்தப் பட்டியலில் ஊர்க்காரர் சம்மதம் என்று ஒரு வரி கிடையாது. ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், ஓட்டுப் போட முடியாது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிற என் அக்கா மகன்கிட்ட இதைச் சொன்னேன். "மாமா, இதே சண்டை இங்கேயும் நடந்திருக்கு" என்றான். அங்கே எந்த நகராட்சியிலும் சேராத கவுண்டி நிலம் நிறைய உண்டாம். அப்படி இருந்த கிங்வுட் என்கிற குடியிருப்பை 1996-ல் ஹூஸ்டன் நகரம், குடியிருந்தவங்க கடுமையா எதிர்த்தும், தன்னோட சேர்த்துக்கிச்சு. அந்தக் கோபம் அடங்கலை. 1999-ல் டெக்சாஸ் மாநிலம் சட்டத்தை மாத்தி, சேர்க்கிறதுக்கு முன்கூட்டியே திட்டம் போட்டு அறிவிக்கணும்னு சொன்னது. 2017-லும் 2019-லும் இன்னும் இறுக்கி, அங்கே உள்ளவங்க சம்மதமோ ஓட்டோ இல்லாம பெரும்பாலும் சேர்க்க முடியாதுன்னு ஆக்கிட்டாங்க. கிங்வுட் திரும்பி வரலை, ஆனா அடுத்த ஊருக்கு ஓட்டு கிடைச்சது. அந்தச் சனங்களுக்கு ஊராட்சி மாதிரி சொந்தமா ஒரு மன்றம்கூட இல்லை. எங்களுக்குத் தலைவர், மெம்பர், கிராம சபை எல்லாம் இருந்தும் கேக்கலை.

'இருந்தும்' என்று எழுதினதுல ஒரு பிழை. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிஞ்சது. எங்க மாவட்டமும் அதுல ஒண்ணு. சேர்ப்புப் பட்டியல் வந்த சில நாள்ல எதிர்த்துப் பேச வேண்டிய ஆளுக்கே நாற்காலி இல்லை. தனி அலுவலர் கையெழுத்துத்தான்.

ஜனவரி 26 கிராம சபைக்கு என்னைக்கும் இல்லாத கூட்டம். தீர்மானத்தை நான்தான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கண்மாய், வரி, நூறு நாள் வேலை எல்லாம் வரிசையா இருந்தது. எங்க தெரு அக்கா ஒருத்தர் அட்டையைத் தூக்கிக் காட்டி, "319 ரூவாயை இனி எந்த மாநகராட்சி குடுக்கும், அதைச் சொல்லுங்க" என்று கேட்டதும் கைதட்டல். எல்லாம் நல்லாத்தான் போனது.

அப்போ காலனியிலிருந்து ஒரு தம்பி எழுந்தான். பாலிடெக்னிக் படிச்சவன். "அண்ணே, நீங்க சொல்ற கண்மாய்த் தண்ணி எங்க நிலத்துக்குப் பாயலை. எங்களுக்கு நிலமே இல்லை. மேல்நிலைத் தொட்டித் தண்ணியும் எல்லாத் தெருவும் பிடிச்ச பிறகுதான் எங்க குழாய்க்கு வருது. மாநகராட்சியானா வார்டு நம்பர் மட்டும்தான் இருக்கும். எவனும் என்னைத் தெருப் பேரை வெச்சுக் கூப்பிட மாட்டான்" என்றான்.

கூட்டம் அமைதியாகிடுச்சு. எனக்குப் பதில் வரலை. இந்தச் சீமையில் ஊராட்சி என்ற சொல்லுக்கு வேற சரித்திரமும் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டு, அங்கே தலைவரான முருகேசனையும் கூட ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம், 2006 வரை, ஒழுங்கா ஒரு தேர்தல் நடத்த விடலை. அம்பேத்கர் கிராமத்தைப் பத்தி அரசியல் நிர்ணய சபையில் கடுமையாப் பேசினது சும்மா இல்லை. எங்க தீர்மானத்துல 'நம்ம ஊர்' என்று நான் ஏழெட்டு இடத்துல எழுதியிருந்தேன். அந்தத் தம்பி காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு எழுதும்போது யோசிக்கலை.

கொஞ்ச நேரம் கழிச்சு, "தம்பி சொல்றது நிசம். அதை முதல் தீர்மானமா எழுதுவோம்" என்றேன். ரெண்டு மூணு பேர் முணுமுணுத்தாங்க. என் சொந்தப் பெரியப்பாவே, "இன்னிக்குப் பேச வந்தது வேற" என்றார். ஆனாலும் எழுதினோம். காலனிக்குத் தொட்டியிலிருந்து தனிக் குழாய், முதல் முறை அங்கேதான் திறக்கணும். இரண்டாவது தீர்மானம், ஊர்க்காரர் ஓட்டு இல்லாம ஊரைச் சேர்க்கக் கூடாது. 'சேர்க்கவே கூடாது' என்றிருந்ததை அடிச்சுட்டு அப்படி மாத்தினது அந்தத் தம்பி. "ஓட்டு வெச்சா நான் சேரலாம்னுதான் போடுவேன், ஆனா கேக்கணும்ல" என்றான். ரெண்டும் நிறைவேறின.

பெரிய வெற்றியெல்லாம் இல்லை. இரண்டாவது தீர்மானம் எந்த மேசையில இருக்குன்னு தெரியாது, கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்று அலுவலகத்துல சொல்லிட்டாங்க. முதல் தீர்மானத்துக்கு மதிப்பீடு போட ஆள் வந்து அளந்துட்டுப் போயிருக்கார். குழாய் இன்னும் வரலை. அதுவரைக்கும் காலனிக்கு முதல்ல திறந்து விடணும்னு மோட்டார் போடுறவர்கிட்ட சொல்லியிருக்கோம். பத்து நாளா அப்படித்தான் நடக்குது. எங்க தெருவுல சில வீட்டுல என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்லை.

நான் சேர்க்க வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போடுவேன். அந்தத் தம்பி வேணும்னு போடுவான். எண்ணிப் பார்த்து எது வந்தாலும் ஏத்துக்கிறேன். எண்ணாம வர்றதைத்தான் ஏத்துக்க முடியலை.

நகரத்துல இருக்கிற நண்பர்களே, உங்க தெருப் பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. ஏரிக்கரைத் தெரு, குளத்து மேட்டுத் தெரு, கழனிவாசல்... அந்த ஏரி எங்கே, கழனி யாருடையதுன்னு பக்கத்துல வயசானவங்க இருந்தா கேளுங்க. தெரிஞ்சா எனக்கும் எழுதுங்க, சேர்த்து வைக்கிறேன்.

நாளைக்கு விடியக்காலை அறுப்பு மெஷின் வருது. வயல் இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்கு, மெஷின் இறங்குமான்னு பாக்கணும். மத்ததை அடுத்த பதிவுல பேசலாம்.