கலர் டவுசருக்கு அபராதம்

டாக்டர் பயமுறுத்தினதால போன வருஷம் ஒரு சைக்கிள் வாங்கினேன். கூட ஓட்டுற பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, ஜீன்ஸ் போட்டுக்கிட்டு நாற்பது கிலோமீட்டர் ஓட்டினா மறுநாள் உட்கார முடியாது"ன்னு சொல்லி, தொடையோட ஒட்டுற ஒரு கறுப்பு டவுசரை வாங்க வச்சார். வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் அப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டவுசரை உள்பக்கமாகத் திருப்பி, தையல் தையலாகப் பார்த்தார். முப்பது வருஷம் தையல்கடை வைத்திருந்தவர். லீவு நாட்களில் அங்கே நான்தான் காஜா பையன்.

"இதை யாருடா முதல்ல தைச்சது?" என்றார். அந்தக் கேள்விக்காகத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

இத்தாலியில் மிலான் நகரத்தில் 1876-ல் விட்டோரே ஜானி என்பவர் ஒரு தையல்கடை ஆரம்பிக்கிறார். பாலே நடனக்காரர்களுக்கும் விளையாட்டுக்காரர்களுக்கும் உடுப்பு தைக்கிற கடை. அங்கே 1935-ல் வேலைக்குச் சேர்ந்த ஆர்மாண்டோ காஸ்டெல்லி, 1939-ல் கடையையே வாங்கிவிட்டார். இரண்டாம் உலகப் போர் ஆரம்பிக்கிற வருஷத்தில் ஒருத்தர் கடை வாங்கியிருக்கிறார் பாருங்கள்! எங்கப்பாவாக இருந்தால் பாட்டி விட்டிருக்க மாட்டாள்.

அன்றைக்கு சைக்கிள் பந்தய உடுப்பு என்றால் கம்பளிதான். குளிருக்கு நல்லது, நனைந்தாலும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். ஆனால் மழையில் தண்ணீரைக் குடித்துக் கனமாகித் தொங்கும். டவுசருக்குள் உட்காரும் இடத்தில் மெத்தென்ற தோல் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். துவைத்துக் காய்ந்ததும் அது அட்டை மாதிரி விறைத்துவிடும். களிம்பு தடவிப் பிசைந்து இளக்கித்தான் போட வேண்டும். தினமும் ஆறேழு மணி நேரம் அதன் மேல் உட்கார்ந்து மலை ஏறினவர்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஃபாஸ்டோ கோப்பி மாதிரியான வீரர்கள் இன்னும் லேசாக வேண்டும் என்று கேட்க, ஆர்மாண்டோ பட்டில் சட்டை தைத்துக் கொடுத்தாராம்.

இன்னொரு விஷயம், விளம்பரம். 1954-ல் ஃபியோரென்சோ மாக்னி என்ற வீரர், சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத நிவியா க்ரீம் கம்பெனியை ஆதரவாளராகப் பிடித்தார். அப்புறம் ஃப்ரிட்ஜ் கம்பெனி, காபி மெஷின் கம்பெனி என்று ஒவ்வொன்றாக வந்தார்கள். கம்பெனிக்கு ஒரு நிறம், நெஞ்சில் அவர்கள் பெயர். குடும்பமாகத் தைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு நல்ல வேலை.

ஆர்மாண்டோவின் மகன் மௌரிசியோதான் இந்தக் கதையின் ஹீரோ. தானே சைக்கிள் ஓட்டுகிற பைத்தியம். 1974-ல் தேள் சின்னம் போட்டு 'காஸ்டெல்லி' என்ற பெயரிலேயே தனியாக ஆரம்பித்தார். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி ஒட்டிக்கொள்ளும் லைக்ரா நூல் 1950களின் கடைசியிலேயே அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் பிறந்துவிட்டது. பெண்களின் உள்ளாடைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தச் சரக்கில் மௌரிசியோ 1977-ல் சைக்கிள் டவுசர் தைத்தார். சுவிட்சர்லாந்தில் டோனி மேயர் தொடங்கிய ஆஸோஸ் கம்பெனியும் 'நாங்கதான் முதல்ல' என்கிறது. இந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை :-)

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பந்தயத்தில் டவுசர் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி. சைக்கிள் கிரீஸ், சேற்றுக் கறை எல்லாம் தெரியாது என்று காரணம் சொல்வார்கள். 1981 ஜிரோ டி இத்தாலியாவில் மௌரிசியோ வீரர்களுக்குக் கலர் டவுசர் போட்டு அனுப்பினார். அபராதம் விழுந்தது. மறுநாள் பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அபராத விலையில் கிடைத்தது. இப்போது கலர் டவுசரைப் பார்த்து யாரும் திரும்பக்கூட மாட்டார்கள்.

1995-ல் மௌரிசியோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். பெயரும் தேளும் இருக்கின்றன, குடும்பம் மாறிவிட்டது. இப்போது அதை நடத்துவது ஃபொன்ஸாசோ என்ற மலையடிவார ஊரில் 1946-ல் கம்பளித் தொழிலில் இறங்கிய கிரெமோனீஸ் குடும்பம்.

அதே இத்தாலியில் பெர்காமோ பக்கம் பியட்ரோ சான்டினி 1965-ல் தொடங்கிய பட்டறை வேறு மாதிரிப் போனது. 1988-லிருந்து உலக சாம்பியனின் வானவில் சட்டை அவர்கள் தைப்பதுதான். பியட்ரோவுக்குப் பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டது மகள்கள் மோனிகாவும் பாவ்லாவும். 2020-ல் கொரோனா பெர்காமோவைச் சூறையாடினபோது அதே இடத்தில் முகக்கவசம் தைத்தார்கள். 2022-லிருந்து டூர் டி பிரான்ஸின் மஞ்சள் சட்டையும் இவர்களிடம் வந்தது.

மோனிகா, பாவ்லா பற்றிப் படித்தபோது கொஞ்சம் குறுகுறுத்தது. கடையை எடுத்துக்கொள்ளச் சொல்லி அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். எனக்கு அப்போது வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ரெடிமேடு வந்தபிறகு எப்படியும் மூடியிருப்போம் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன், கடைசி விஷயத்தைத் தவிர. கேட்டுவிட்டு மறுபடி அந்த டவுசரை எடுத்துத் தொடைப் பக்கத் தையலை விரலால் தடவினார்.

"மடிப்பே இல்லாம தட்டையா ஓட்டியிருக்கான் பாரு. அதான் உறுத்தாது. இதுக்குத் தனி மிஷின் வேணும், நம்மகிட்ட கிடையாது."

கடை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் 'நம்மகிட்ட'தான். அப்புறம் விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே திட்டு விழுந்தது.