பாலாறும் தோல் தொழிலும்: ஒரு மாசின் வரலாறு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கல்பாக்கத்துக்கு அருகிலுள்ள வயலூரில் கடலில் கலக்கிறது. இதன் நீளம் 348 கி.மீ. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இதன் கரையிலோ கரையை ஒட்டியோ அமைந்தவை. 2019 வரை இவை அனைத்தும் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. இப்போது திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்களில் உள்ளன.

ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் வெள்ளம் ஓடாது. தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஆற்றுமணலில் ஊற்றுக்கால் வெட்டியும் கரையோரம் கிணறு தோண்டியும் மக்கள் நெல், கரும்பு, தென்னை பயிரிட்டு வந்தனர். பாலாற்று மாசின் வரலாற்றுக்கு இந்த இயல்பே திறவுகோல். வற்றாத ஆற்றில் விடப்படும் கழிவு நீரோடு கலந்து ஓரளவு நீர்த்துப்போகும். மணல் ஆற்றில் விடப்படும் கழிவோ நேரே கீழிறங்கிக் கிணறுகளை அடையும்.

பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

இப்பகுதியில் தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு பாதி பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. பட்டையில் ஊறிய நீரும் நாற்றமுடையதுதான். அந்தக் காலத்தில் ஆறு தூய்மையாக இருந்தது, பிறகு கெட்டது என்று எளிதாகக் கூறிவிட முடியாது. ஆனால் பட்டை முறையில் வேலை மெதுவாக நடக்கும். ஒரு தோல் பதமாகப் பல வாரங்கள் ஆகும். ஆகவே கழிவின் அளவுக்கும் ஓர் எல்லை இருந்தது.

குரோமிய உப்பைக் கொண்டு சில நாட்களிலேயே தோலைப் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் அரசு ஆதரவோடு சோதித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1903 அளவில் தொடங்கிய இச்சோதனைகளில், கவலை ஏற்றத்தில் கிணற்றுநீர் இறைக்கும் தோற்பைகளை நெடுநாள் உழைக்கும்படி செய்வது ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது. உழவரின் கிணற்றுக்கு உதவ வந்த அதே குரோமியம் பிற்காலத்தில் கிணற்றுக்குள்ளேயே இறங்கியது. சென்னையின் குரோம்பேட்டை, 1910களில் அங்கு அமைந்த குரோம் தோல் தொழிற்சாலையால் அப்பெயரைப் பெற்றது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

பெரிய திருப்பம் 1970களில் வந்தது. பாதி பதனிட்ட தோலை விற்பதைவிட, முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் விற்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடுதலாகக் கிடைக்கும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அதன்படி பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1973இல் அளவுக் கட்டுப்பாடு வந்தது. முழுப் பதனிடலுக்கு ஊக்கம் தரப்பட்டது. பொருளாதார நோக்கில் இது சரியான கொள்கையே. வேலைவாய்ப்பும் பெருகியது. ஆனால் செலாவணியைக் கணக்கிட்டவர்கள் கழிவுநீரைக் கணக்கிடவில்லை. முன்பு வெளிநாட்டு ஆலைகளில் நடந்த குரோமியப் பதனிடலும் சாயமேற்றலும் இப்போது பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது என்றாலும், அதை நடைமுறைப்படுத்தும் வலிமை வாரியங்களுக்கு உடனே வந்துவிடவில்லை.

உப்பு என்ற பகை

பாலாற்று மாசு என்றதும் பலரும் குரோமியத்தையே நினைப்பர். உழவரை முதலில் வீழ்த்தியது சாதாரண உப்புதான். பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை உப்பு இடுவார்கள். ஆலையில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு முடி நீக்குவர். பிறகு மீண்டும் உப்பும் கந்தக அமிலமும் இட்டு ஊறவைத்து, அதன் பின்னரே குரோமியம் சேர்ப்பர். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படும்.

குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்றவற்றால் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் வேண்டும். இரண்டும் செலவு மிக்கவை. உப்புநீர் தொடர்ந்து பாய்ந்தால் சோடியம் களிமண்ணின் அமைப்பைக் குலைத்து மண்ணை இறுகச் செய்யும். நீர் உள்ளே இறங்காது, வேரும் இறங்காது. நெல் பொய்க்கும், தென்னை காய்ப்புக் குறையும். தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்ததை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியுள்ளது.

குரோமியத்தின் ஆபத்து வேறு வகையானது. பதனிடுவதில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அதைவிடப் பன்மடங்கு நச்சுத்தன்மை உடையது அறுவிணைதிறன் குரோமியம். இராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1990களில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் வளாகத்தில், இந்த இரண்டாம் வகை அடங்கிய கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது. ஆலை மூடிய பின்னும் ஒவ்வொரு மழைக்கும் அக்கழிவு நிலத்தடியில் கசிந்தது.

ஊரில் நேர்ந்த மாற்றம்

கிணற்று நீர் உவர்த்ததும் குடிநீருக்கு அலையும் சுமை பெண்கள் தலையில் விழுந்தது. நிலமிருந்தும் விளைச்சலில்லாத குடும்பங்கள் கூலி வேலைக்குப் போயின. எங்கே போயின என்பதுதான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி. பலர் அதே தோல் தொழிலுக்குத்தான் போனார்கள். ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பான்மைத் தொழிலாளர் பெண்களே. ஒரே வீட்டில் தந்தை கிணறு கெட்டதற்கு இழப்பீடு கேட்டு மனு எழுதுவார், மகள் காலணி தைத்து அரிசி வாங்கித் தருவார். ஆகவே இதை உழவருக்கும் முதலாளிக்கும் இடையிலான போர் என்று மட்டும் எழுதுவது உண்மையாகாது. ஆலைக்குள் சுண்ணாம்புக் குழியிலும் ஈரத்தோல் பிரிவிலும் வேலை செய்தவர்களில் தலித் மக்கள் மிகுதி. தோல் நோய்களும் மூச்சுத் தொல்லையும் முதலில் தாக்கியது இவர்களைத்தான்.

இங்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி உண்டு. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. தீங்கான அசோ சாயங்களுக்கு 1994இல் தடை வந்தது. வாங்குபவர் நாட்டின் சட்டம் என்பதால் இந்தியத் தோல் தொழில் விரைவாக மாற்றுப் பொருள்களுக்கு மாறிக்கொண்டது. செய்ய முடியாத வேலை என்று ஏதும் இருக்கவில்லை. ஜெர்மானியர் காலுக்குக் கிடைத்த பாதுகாப்பு வாணியம்பாடிக் கிணற்றுக்கு அதே வேகத்தில் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தில்

ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாக அமைக்கக் கூடாது என்று தமிழக அரசு 1989இல் ஆணையிட்டது. ஏற்கெனவே இருந்தவற்றுக்கு அது தீர்வாகவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேருமுன் தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. அப்போதைய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடவும், இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஏற்படுத்தவும் வழி செய்யப்பட்டது. சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் இந்திய மாணவர் எவரும் இத்தீர்ப்பைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

ஆணையம் 2001இல் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். இழப்பீடு 26,82,02,328 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,187 ரூபாய். அது 1998 இறுதி வரையிலான இழப்புக்கு மட்டுமே. அதற்குப் பிறகும் கிணறுகள் உவர்ப்பாகவே இருந்தன.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியம் குறைந்தது, ஆனால் உப்பும் சேறும் மிஞ்சின. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளூர் மாசின் விலையை வெளியூர்க்காரரும் கொடுக்கும் காலம் அது. இதற்கிடையே பாலாற்றங்கரை ஊர்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் நிறைவேறியது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் மீண்டும் தீர்ப்பளித்தது. நிலுவை இழப்பீட்டை அரசே வழங்கிவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்று கூறியது. சேதம் நீங்கும் வரை பொறுப்பும் நீங்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். 1991இல் வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 33.