பெட்டிக்குள் அடைபட்ட காற்று

1950-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவில் ஒருவருக்கு நல்ல சங்கீதத்தை வீட்டிலேயே கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், முதலில் அவர் வீட்டு எஜமானியின் சம்மதத்தைப் பெற வேண்டியிருந்தது. பணத்துக்காக மட்டுமல்ல, இடத்துக்காக. ஆர்கன் வாத்தியத்தின் அடிக்குரல் உள்ளது உள்ளபடி கேட்க வேண்டுமானால் ஒலிபெருக்கிப் பெட்டி ஒரு துணி பீரோ அளவுக்காவது இருந்தாக வேண்டும் என்பது அந்நாளைய நிபுணர்களின் தீர்ப்பு. அர்க்கன்ஸா மாகாணத்தில் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்பவர் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டி, அறையின் மூலைச் சுவர்களையே தன் உடம்பின் ஒரு பகுதியாக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு காதுக்கு இரண்டு பெட்டி என்ற ஸ்டீரியோ வழக்கம் அப்போது வீடுகளுக்குள் நுழைந்திருக்கவில்லை. நுழைந்திருந்தால் பெட்டிகள் உள்ளேயும் மனிதர்கள் திண்ணையிலும் படுக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பீரோவைப் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும்படி சுருக்கிய மனிதரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் செய்த பெட்டிகள் அறுபது வயதைத் தாண்டிய பிறகும் பரணிலிருந்து இறக்கப்பட்டு, தூசி தட்டப்பட்டு, பழுது பார்க்கப்பட்டுப் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. பழுது பார்க்கிறவர்கள் அந்தக் கதையையும் தெரிந்துகொண்டால் வேலை சுத்தமாக நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஒலிபெருக்கி என்பது என்ன? ஒரு காகிதக் கூம்பு. அதன் நுனியில் ஒரு கம்பிச்சுருள். சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது, காற்று அதிர்கிறது, நாம் தலையாட்டுகிறோம். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் இதை வெளியிட்டார்கள். அடிப்படை இன்று வரையில் மாறவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். கூம்பு அசைந்தால் போதாது, அசைந்த பிறகு தன் இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். அதற்காக அதன் விளிம்பையும் கழுத்தையும் விறைப்பான மடிப்புகளால் சட்டத்தோடு பிணைத்திருந்தார்கள். இந்த மடிப்புகள்தாம் வில். மெல்லிய ஸ்வரங்களுக்குக் கூம்பு மயிரிழை அசைந்தால் போதும். வில் சொன்னபடி கேட்கும். அடிக்குரலுக்கோ கூம்பு வெகு தூரம் போய்வர வேண்டும். அப்போது வில் முரண்டு பிடிக்கிறது; முதல் அரைக்கால் அங்குலம் எளிதில் நகர்ந்து, அடுத்த அரைக்கால் அங்குலத்தில் இறுகிக்கொள்கிறது. மூலத்தில் இல்லாத ஓசையெல்லாம் அதனால் வந்து சேர்கிறது. அக்காலத்தில் பலர் ‘நல்ல பாஸ்’ என்று மெச்சிக்கொண்ட உறுமலில் பாதி, இந்த வில் பேசிய பொய்.

எட்கர் வில்ச்சர் 1917-ல் பிறந்தவர். அவர் எஞ்சினீயர் பரீட்சை தேறியவர் அல்ல. படித்தது கலை வரலாறு. ஆசைப்பட்டது நாடக மேடைக்குக் காட்சி அமைக்கும் தொழில். இரண்டாவது உலக யுத்தம் அவரை ராணுவத்தில் சேர்த்து, ரேடியோக் கருவிகளைக் கவனிக்கும் வேலையைக் கொடுத்து, நியூகினித் தீவு வரையில் அனுப்பியது. திரும்பி வந்ததும் நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். பிறகு நியூயார்க் சர்வகலாசாலையில் ஒலிப்பதிவைப் பற்றி வகுப்பு நடத்தினார். ரிப்பேர்க் கடைக்காரர் மூளையும் வாத்தியார் மூளையும் ஒரே தலையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

அவருக்குத் தோன்றிய யோசனை இதுதான். வில் பொய் சொல்கிறது என்றால் வில்லை எடுத்துவிட்டால் என்ன? கூம்பைத் தொளதொளவென்று, சட்டத்தில் பட்டும் படாமலும் தொங்கவிடுவது. அதன் முதுகுப் பக்கத்தை ஒரு சிறு பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு பிடியை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டால் பிடி தானே மேலே வருகிறதல்லவா? அதே காற்று கூம்பையும் திருப்பி அனுப்பும். காகித மடிப்பைப் போலக் காற்றுக்குப் பிடிவாதம் கிடையாது. கூம்பு போகிற அளவு தூரத்தில் அது ஏறக்குறைய ஒரே சீராக எதிர்க்கிறது. இன்னொரு வேடிக்கை: இந்த ஏற்பாட்டில் பெட்டி சிறியதாக இருப்பது குறையே அல்ல. பெட்டி பெரியதானால் காற்று வில்லின் இறுக்கம் போய்விடும்!

முதல் மாதிரியை அவர் வுட்ஸ்டாக் என்ற ஊரில் தம் வீட்டிலேயே செய்தார். யுத்த காலத்தில் வரைபட வேலை பார்த்த அவர் மனைவி ரோஸ்மேரி, கூம்பின் விளிம்புக்கு அளவு வரைந்து கொடுத்தார். விளிம்புக்குப் பயன்பட்ட துணி பழைய மெத்தை உறை. பெரிய கம்பெனிகளிடம் யோசனையை விற்கப் பார்த்தார், கொள்வார் இல்லை. கடைசியில் கைகொடுத்தவர் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்த மாணவர் ஹென்ரி க்ளாஸ். அந்த இளைஞருக்கு மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பெட்டி செய்கிற சிறு பட்டறை இருந்தது. 1954-ல் ‘அகௌஸ்டிக் ரிஸர்ச்’ என்ற கம்பெனி பிறந்தது. அந்த ஆண்டே நியூயார்க் கண்காட்சியில் அதன் முதல் பெட்டி, ஏ.ஆர்.-1, வெளிவந்தது. நீளம் 25 அங்குலம், அகலம் 14 அங்குலம், ஆழம் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விலை 185 டாலர். இவ்வளவு சிறிய பெட்டியிலிருந்து இவ்வளவு ஆழமான குரல் வருமா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை.

கண்டுபிடிப்புக்கு அமெரிக்க சர்க்கார் பேடண்ட் கொடுத்த தேதி 1956 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பரிசுதான். ஆனால் பரிசு நிலைக்கவில்லை. முதலில் சில கம்பெனிகள் ராயல்டி கொடுத்து அந்த முறையைக் கையாண்டன. 1957-ல் பிரிந்துபோய் வேறு இருவருடன் கே.எல்.ஹெச். என்ற சொந்தக் கம்பெனி தொடங்கிய க்ளாஸும் அவர்களில் ஒருவர். வேறொரு கம்பெனியோ கொடுக்க மறுத்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆர்.ஸி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த ஹாரி ஆல்சன் 1949-லேயே பெற்ற ஒரு பேடண்டில் இந்தக் கருத்தின் சாயல் இருக்கிறது என்று சொல்லி, வில்ச்சரின் உரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சாயலை எழுதி வைத்தவர் வேறு, பண்டத்தைச் செய்து ஜனங்கள் கையில் கொடுத்தவர் வேறு; நீதிபதியின் தராசில் இந்த வித்தியாசம் ஏறவில்லை. அப்பீல் செய்யலாம் என்று வக்கீல்கள் சொல்லியிருப்பார்கள். வக்கீல்கள் சொல்லாமல் இருப்பார்களா? வில்ச்சர் செய்யவில்லை. அன்று முதல் யார் வேண்டுமானாலும் காற்றைப் பெட்டியில் அடைத்து விற்கலாம் என்று ஆகிவிட்டது. விற்றார்கள். பீரோக்கள் மறைந்தன.

1958-ல் ஏ.ஆர்.-3 வந்தது. அடிக்குரலுக்குப் பழைய 12 அங்குலக் கூம்பு. நடுக்குரலுக்கும் மேல்குரலுக்கும் கூம்புக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு கும்மட்டங்கள். ஓசை ஒரே திசையில் பாயாமல் அறையெங்கும் பரவுவதற்காக வில்ச்சர் செய்த ஏற்பாடு இது. இன்று உலகத்தில் விற்கும் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவற்றில் உயர்ந்த ஸ்வரங்களைப் பாடுவது இந்தக் கும்மட்டத்தின் வம்சம்தான்.

இதை நிரூபித்துக் காட்ட அவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. ஃபைன் ஆர்ட்ஸ் க்வார்ட்டெட் என்ற நால்வர் வாத்தியக் கோஷ்டியை மேடையில் உட்கார வைத்து, பக்கத்தில் ஏ.ஆர்.-3 பெட்டிகளையும் வைத்தார்கள். வித்வான்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஓரிடத்தில் வில்லைத் தந்தியில் படாமல் ஓட்டிப் பாவனை செய்வார்கள். அந்தக் கணத்தில் ஒலிநாடா தொடரும். எங்கே மாறிற்று என்று சபையில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. மண்டபத்தில் பதிவு செய்து மண்டபத்தில் ஒலித்தால் எதிரொலி இரட்டிப்பாகி ரகசியம் வெளிப்பட்டுவிடும். ஆகையால் பதிவைத் திறந்த வெளியில், எதிரொலி இல்லாத இடத்தில் செய்திருந்தார்கள். இங்கிலாந்தில் கில்பர்ட் பிரிக்ஸ் 1954-லேயே லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இப்படி ஒப்பிட்டுக் காட்டியவர். அவர் கதை தனிக் கதை.

வியாபாரத்திலும் ஒரு விசித்திரம் செய்தார்கள். நியூயார்க் கிராண்ட் ஸென்ட்ரல் ரெயில் நிலையத்தில் ஓர் அறையைப் பிடித்து, போகிறவர் வருகிறவர் உட்கார்ந்து சங்கீதம் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வைத்தார்கள். அங்கே விற்பனையே கிடையாது! ரெயிலைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேரோ. ஐந்து வருஷ உத்தரவாதம். பழுதானால் வண்டிச் சத்தம் உள்பட கம்பெனி செலவு. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஒலிபெருக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களுடையது. 1967-ல் வில்ச்சர் கம்பெனியை விற்றுவிட்டுக் காது மந்தமானவர்களின் கருவியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். மெல்லிய ஓசையைப் பெருக்கி, உரத்த ஓசையை அடக்கி, அதையும் ஸ்வர உயரத்துக்குத் தக்கபடி தனித்தனியே செய்யும் முறையை 1973-ல் வெளியிட்டார். பிற்காலக் காதுக் கருவிகள் அந்த வழியில் வந்தவை. அதற்கு அவர் பேடண்ட் கேட்கவில்லை. 2011-ல் தமது 94-வது வயதில் காலமானார்.

இனிப் பரணுக்கு வருவோம். பெட்டி பழசாகும்போது எது கெடுகிறது, எது கெடுவதில்லை?

காந்தம் கெடுவதில்லை. மரம் பெரும்பாலும் கெடுவதில்லை. வால்நட் பெட்டியானால் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் அழகு திரும்பிவிடும். முதலில் கெடுவது, பெட்டியின் முதுகிலுள்ள இரண்டு திருகுகள். நடுக்குரலையும் மேல்குரலையும் கூட்டிக் குறைக்க வைத்த இந்தத் திருகுகளுக்குள் களிம்பு பிடித்துத் தொடர்பு அறுந்துவிடுகிறது. மேல்குரல் அடங்கிப்போகிறது, வாங்கினவர், கும்மட்டம் எரிந்துவிட்டது என்று எண்ணித் தலையில் கை வைக்கிறார். திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்று ஓசை வந்தால் நல்ல சகுனம். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அடுத்தபடி கண்டென்ஸர்கள். வயதாக ஆக அவற்றின் அளவு பிசகிவிடும், மாற்றிவிடுவதே மேல். மாற்றும்போது பழைய அளவையே போட வேண்டும். கொஞ்சம் கூட்டிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறவர்கள், வீணைக்கு மேளம் கட்டுகிறவரிடம் மெழுகை இன்னும் ஒரு விரல் உயர்த்திப் பூசச் சொல்கிறவர்களுக்கு ஒப்பானவர்கள்.

கும்மட்டம் உண்மையிலேயே எரிந்திருந்தால் அது துக்கம்தான். அதன் கம்பிகள் தலைமயிர் போன்றவை. திறந்து சரி செய்வது எல்லோராலும் ஆகிற காரியமல்ல.

எல்லாவற்றிலும் முக்கியம் அடிக்குரல் கூம்பின் விளிம்பு. ஆரம்ப காலப் பெட்டிகளில் இது பசை ஊட்டிய துணி. 1970-ஐ ஒட்டிப் பல ஏ.ஆர். பெட்டிகளில் துணி போய் நுரை ரப்பர் வந்தது. இந்த நுரைக்கு ஆயுள் சொற்பம். பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். காற்றின் ஈரம் அதற்கு எமன், ஆகையால் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். உதிர்ந்ததைக் கண்டு பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். உண்மையில் அது பெரிய வேலை அல்ல. பழைய பிசினை ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். புதிய நுரை வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி, பிறகு சுருள் காந்தத்தின் நடுவில் எங்கும் உரசாமல் நிற்கும்படி மெல்லிய அட்டைத் துண்டுகளைச் சொருகி, சட்டத்தோடு ஒட்ட வேண்டும். ஒரு நாள் முழுவதும் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு நாள்தான் கஷ்டம்.

துணி விளிம்பு உதிர்வதில்லை. ஆனால் பசை வறண்டு காற்று கசியத் தொடங்கும். வில்லே காற்று என்று பார்த்தோமே, கசிந்தால் வில் எங்கே இருக்கும்? சோதனை எளிது. கூம்பின் இரு பக்கத்திலும் விரல்களை வைத்து, கோணாமல் மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது. வெடுக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை. துணிக்கு ரப்பர்ப் பசையை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு பூசலாம். கெட்டியாகப் பூசினால் துணி விறைத்து, வில்ச்சர் வெளியே துரத்திய பழைய வில் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிடும். உள்ளே திணித்திருக்கும் கண்ணாடி நாரையும் எடுத்த அளவே திரும்ப வைக்க வேண்டும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. கூம்பைத் திரும்பப் பொருத்தும்போது சட்டத்தைச் சுற்றிலும் புது மக்கு வைத்து அடைக்க மறக்கக் கூடாது.

இந்தப் பெட்டிகளுக்குப் பசி அதிகம். சிறிய ஆம்ப்ளிபயர் போதாது. பழைய வால்வு ரேடியோவோடு இணைத்துவிட்டுக் குரல் எழும்பவில்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. தரையில் வைக்காமல் அலமாரியிலோ முக்காலியிலோ காது மட்டத்துக்கு ஏற்றி வையுங்கள். ஏ.ஆர்.-3 ஒன்றின் எடை 50 ராத்தலுக்கு மேல். தூக்குவதற்கு ஆள் தேடிக்கொள்ளுங்கள். முதல் இசைத்தட்டாகத் தனி ஆவர்த்தனம் உள்ளதைப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று எழுந்து, நீளாமல், சட்டென்று அடங்குகிறதா என்று கவனியுங்கள். வித்வான் கையை எடுத்த பிறகும் அது உறுமிக்கொண்டிருந்தால் திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.