சோகை என்னும் பெயர்

திமிரிப் பக்கம் கரும்பு வெட்டியபின் வயலில் கிடக்கும் காய்ந்த தாளுக்கும் சோகை என்றுதான் பெயர். உடம்பில் ரத்தம் குறைந்து வெளுத்துப்போனவருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்வதும் சோகை. முன்னதைத் தோகையோடு சேர்த்துப் பார்க்கலாம். பின்னது வீக்கத்தைக் குறிக்கும் ‘சோபம்’ என்ற வடசொல் வழி வந்தது. முகமும் காலும் ஊதியதைச் சொன்ன சொல், நாளடைவில் ரத்தக்குறைவுக்கே பெயராகிவிட்டது. சோகத்துக்கும் இதற்கும் உறவில்லை, பாட்டெழுதுகிறவர்கள் மன்னிக்க.

இந்தச் சோகைக்கு முன்னால் ‘அரிவாள் அணு’ ஒட்டிக்கொண்ட கதை வேறு. கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ வந்த வால்டர் கிளெமென்ட் நோயலின் ரத்தத்தில் வளைந்த சிவப்பணுக்கள் தென்பட்டன. மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதை எழுதினார். 1922இல் வெர்ன் மேசன் ‘அரிவாள் அணுச் சோகை’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். அரிவாள் என்றதும் நமக்கு வீச்சரிவாள்தான் கண்ணில் நிற்கிறது. உருப்பெருக்கியில் தெரிவதோ கதிர் அறுக்கிற கருக்கரிவாளின் வளைவு. வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ள, எலும்புக்குள் வலி கிளம்பும். போகும், திரும்ப வரும்.

அந்த வலி பெயரில் எங்கே? கானாவில் கா மொழி பேசுகிறவர்கள் இந்நோயை ‘ச்வெச்வீச்வெ’ என்பார்கள். மருத்துவர் கொனோட்டே-அஹுலு இத்தகைய பெயர்களைத் திரட்டி எழுதியிருக்கிறார். நம் ‘விண்விண்’ போல, வலியின் அடுக்கையே ஒலிக்கிற பெயர். உருப்பெருக்கி வைத்த பெயரைவிட இதுதான் நோயாளிக்கு நெருக்கம் என்பேன்.

ஜஸ்டின் ஏ. ரெனால்ட்ஸ் 2019இல் வெளியிட்ட ‘ஆப்போசிட் ஆஃப் ஆல்வேஸ்’ என்ற இளையோர் நாவலின் நாயகி கேட் என்பவளுக்கும் இந்த நோய்தான். அவள் சாகும்போதெல்லாம் காதலன் ஜாக், இருவரும் முதலில் சந்தித்த மாடிப்படிக்கே திரும்பிப் போய் விழுகிறான். காலச்சுழல் கதைக்கு வேறு நோயும் பொருந்தியிருக்கும். ஆனால் விட்டுவிட்டுத் தாக்குகிற இந்த நோய்க்குத்தான் அந்த வடிவம் கச்சிதம்.

இது தூரதேசத்து நோயுமல்ல. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே கண்டறிந்தார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் ஒழிப்புத் திட்டம் 2047ஐ இலக்காக வைத்திருக்கிறது. சோகை என்று மட்டும் கேட்கிற குடும்பம் கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கப் போகும். பிள்ளை வலியில் துடிப்பதைச் சாக்கு என்று நினைக்கும். கையேடு அச்சிடுகிறவர்களே, சோகைக்குப் பக்கத்தில் ‘எலும்புக் குடைச்சல்’ என்றும் போடுங்கள்.