இடிந்தகரை லூர்து மாதா கோயிலும் ஊர்ப்பகையும் – ஒரு வரலாற்று நோக்கு



யூபிலி மலர் என்றால் கோயில் எழுந்த வரலாறு, பணியாற்றிய குருக்களின் பெயர்ப் பட்டியல், பக்த சபைகளின் அறிக்கைகள், நிழற்படங்கள் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவை யாவும் அதனதன் பக்கங்களில் உள்ளன. அவற்றோடு வேறொரு மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோயில் ஒன்றின் அண்மைக்கால வரலாற்றையும் சேர்க்க விரும்பினோம். இதில் மலர்க்குழுவினர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர் என்பதை மறைக்க விரும்பவில்லை. அணு உலை அரசியலுக்கும் மலைமேல் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நமது மலை மின்சாரம் தந்த மலை. நடுவட்டத்துக்கு அண்மையில் ஓடும் பைக்காரா ஆற்று நீரைக் குழாய் வழியே சிங்காராவுக்கு இறக்கி 1932-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தனர். சமவெளியின் நூற்பாலைகள் பெருகியதில் நம் மலைநீருக்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட மலையில் வாழ்ந்தும் 2012-ஆம் ஆண்டில் நாமும் இருட்டில்தான் இருந்தோம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு நிலவிய காலம் அது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் நிற்கும். பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேர்வுக்குப் படிப்பார்கள். அந்நாட்களில் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்று பேசும்போது, "கூடங்குளத்தைத் திறக்கவிடாமல் சிலர் உட்கார்ந்து கொண்டிருக்கிறார்களே, அவர்களால் அல்லவா இந்தப் பாடு!" என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. இதை எழுதும் நாமும் அப்படிப் பேசியவர்களே. யாரைப் பற்றிப் பேசினோம் என்பது அப்போது நமக்குச் சரியாகத் தெரியாது.

இடிந்தகரை என்பது திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்திலுள்ள மீனவக் கிராமம். தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. புனித சவேரியார் 1542-இல் வந்து மறையுரைத்த முத்துக்குளித்துறையின் மக்களே இங்கும் வாழ்கின்றனர். ஊரின் நடுவே லூர்து மாதா கோயில். கடற்கரையில் நின்று பார்த்தால் அணு உலைகளின் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு அண்மை.

கூடங்குளம் திட்டம் 1988 நவம்பர் 20-இல் பிரதமர் இராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கொர்பச்சோவும் செய்த உடன்படிக்கையில் பிறந்தது. செர்னோபிலில் உலை வெடித்து இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. எதிர்ப்பும் அப்போதே பிறந்துவிட்டது. கடலையும் நீரையும் காக்க வேண்டுமென்று கிழக்கு, மேற்குக் கடற்கரைகள் வழியாக நடந்து வந்த மீனவத் தொழிலாளர்கள் 1989 மே முதல் நாளில் கன்னியாகுமரியில் கூடியபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பின்னர் சோவியத் ஒன்றியமே கலைந்தது. திட்டம் சில காலம் உறங்கியது. 1998-இல் உருசியாவுடன் துணை உடன்படிக்கை ஏற்பட்டு, 2002-இல் கட்டுமானம் தொடங்கியது.

பகை எங்கே தொடங்கியது என்பதைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உலைக்கு நிலம் கொடுத்தவர்கள் உள்ளூரின் உழவர்கள். அவர்களுக்கு நிலத்தின் விலையும் வேலை கிடைக்குமென்ற நம்பிக்கையும் இருந்தன. கடலை நம்பியவனுக்கோ விற்க நிலமில்லை. இழக்கக் கடல்தான் இருந்தது. உலையைக் குளிர்வித்த வெந்நீர் கடலில் விழுந்தால் மீன் என்னாகும் என்பதே அவன் கேள்வி. ஒரே சந்தையில் வாங்கி விற்கும் இரண்டு ஊரார் ஒரே சுவரை இருவேறு கண்கொண்டு பார்த்தனர். இதில் கெட்டவர் யாருமில்லை. ஆனால் தொழிலும் மதமும் சாதியும் ஊருக்கு ஊர் மாறுபட்ட அப்பகுதியில், இக்கருத்து வேறுபாடு விரைவிலேயே மற்ற வேறுபாடுகளின் மேல் ஏறிக்கொண்டது.

ஊர் பிளவுபடுவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் வீல் என்னும் திராட்சைத் தோட்டக் கிராமத்தில் அணு உலைக்கு நிலம் விற்கலாமா என்று 1975 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்தியபோது, அவ்வூராரில் 55 விழுக்காட்டினர் விற்கலாம் என்றே வாக்களித்தனர். எதிர்த்தவர்கள் சொந்த ஊரிலேயே சிறுபான்மையினர் ஆயினர். ஆயினும் சுற்றுவட்டாரத்து உழவர்கள் அடுத்த மாதமே அந்நிலத்தில் குடியேறிப் போராடினர். அந்த உலை கடைசிவரை கட்டப்படவில்லை.

நம் கதைக்கு வருவோம். 2011 மார்ச் 11-இல் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புகுஷிமா உலைகளைச் சிதைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில், 2004 டிசம்பர் 26-ஐ மறவாத கடற்கரை மக்களும் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில், உலை ஓட்டத்துக்கு முன்னான சோதனைகளின் பேரொலியும், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்னும் ஒத்திகை பற்றிய பேச்சும் ஒருசேர வந்தன. வீட்டுக்குப் பக்கத்தில் எழுந்த ஒன்று ஓடித் தப்ப வேண்டிய ஒன்றா என்று தாய்மார் திடுக்கிட்டனர். செப்டம்பர் 11-இல் லூர்து மாதா கோயில் முற்றத்துப் பந்தலில் 127 பேர் உண்ணாநோன்பு தொடங்கினர். பன்னிரண்டாம் நாள், மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்துமாறு தமிழக அமைச்சரவை தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் தொடர் உண்ணாநோன்பாக அப்பந்தல் ஆண்டுக்கணக்கில் நின்றது.

அணுமின் நிலைய எதிர்ப்பு மக்கள் இயக்கத்தை வழிநடத்திய முனைவர் சுப. உதயகுமார் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும், பந்தல் கோயில் முற்றத்தில் இருந்தமையால் இது கிறிஸ்தவர்களின் சதி என்று பேசப்பட்டது. வெளிநாட்டுப் பணம் என்றும் பேசப்பட்டது. அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் சார்ந்த தொண்டு நிறுவனங்களே பின்னணியில் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கே 2012 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் கூறினார். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் சமூகப் பணி நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை பெறும் உரிமையை இழந்தது. மக்களோடு நின்ற ஆயர் இவோன் அம்புரோஸ் ஆண்டகை அக்குற்றச்சாட்டை மறுத்தார். மறுப்பு எத்தனை பேர் காதில் விழுந்தது? குற்றச்சாட்டு மட்டும் நடுவட்டம்வரை வந்து சேர்ந்தது.

இன்னொரு வருத்தமும் அவர்களுக்கு இருந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2011 நவம்பர் 6-இல் வந்து உலையைப் பார்வையிட்டு, அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். இராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்தவர். தமிழ்நாட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம். அவர் இடிந்தகரைப் பந்தலுக்கு வரவில்லை. கலாமுக்கே பாடம் சொல்கிறார்களோ என்று ஏளனம் செய்தவர்களுக்கு மீனவப் பெண்கள் என்ன விடை கூற முடியும்?

இங்கே நம் மாவட்டத்துப் பெரியவர் ஒருவரையும் குறிப்பிடுவது பொருத்தமாகும். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம். ஆர். ஸ்ரீனிவாசன் ஓய்வுபெற்றபின் உதகையில் வாழ்ந்து, 2025 மே 20-இல் காலமானார். தமிழக அரசு 2012-இல் அமைத்த நால்வர் குழுவில் அவரும் ஒருவர். உலை பாதுகாப்பானது என்றே அக்குழு அறிக்கை தந்தது. தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் பங்குகொண்டவர் அதை ஆய்வு செய்யலாமா என்று போராட்டக்காரர்கள் ஆட்சேபித்தனர். அவர் தம் வாழ்நாள் கல்வியைக் கொண்டு நம்பியதைச் சொன்னார். அவர்கள் தம் கடலைக் கொண்டு அஞ்சியதைச் சொன்னார்கள். இருவரையும் ஏளனம் செய்யாமல் கேட்டிருக்கலாம் என்றே இப்போது நமக்குத் தோன்றுகிறது.

சொல்லளவில் இருந்த பகை 2012-இல் கையளவுக்கு வந்தது. ஜனவரி 31-இல் மத்திய நிபுணர் குழுவுடன் பேச நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த இயக்கத்தினர் அந்த வளாகத்திலேயே எதிர்ப்பாளர்களால் தாக்கப்பட்டனர், பெண்களும் காயமுற்றனர். மார்ச் 19-இல் பணிகளை மீண்டும் தொடங்கலாம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு. இடிந்தகரைக்குப் பேருந்து இல்லை. அதே நாட்களில் நாகர்கோவில் அருகே உதயகுமாரின் துணைவியார் நடத்திவந்த பள்ளிக்குள் இரவில் புகுந்தவர்கள் பொருள்களை உடைத்து நூலகத்தைப் பாழாக்கினர். அணு உலையோடு வழக்காடுபவரின் பிள்ளைகள் நூலகம் என்ன பிழை செய்தது? எதிர்ப்பாளரின் வீட்டார் செலுத்தும் விலை இதுதான். அவர் அதன்பின் ஈராண்டுக்கு மேலாக இடிந்தகரையை விட்டு வெளியே வரவில்லை. ஊர் மக்களே அவருக்குக் காவல் இருந்தனர்.

2012 செப்டம்பர் 10-ஐ நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். உலையை நோக்கிக் கடற்கரை வழியே சென்ற மக்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் ஏவப்பட்டன. குழந்தைகளோடு பெண்கள் கடலுக்குள் இறங்கினர். காவலர் கோயிலுக்குள்ளும் புகுந்ததாக ஊரார் மனம் நொந்து முறையிட்டனர். அன்றே, சவேரியார் தங்கிய குகையும் திருச்சிலுவைக் கோயிலும் உள்ள மணப்பாட்டில், மறியலில் நின்ற மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு. பெண்கள் சிலர் திருச்சி மகளிர் சிறையில் வாரக்கணக்கில் இருந்தனர்.

பகை வெளியிலிருந்து மட்டும் வந்ததாகச் சொன்னால் அது பாதி வரலாறே ஆகும். கடற்கரை ஊர்களுக்குள்ளும் கட்சி பிரிந்தது. 2013 நவம்பர் 26-இல் இடிந்தகரையின் சுனாமிக் குடியிருப்பில் நாட்டு வெடிகுண்டு வெடித்து 6 பேர் மாண்டனர். அண்டைக் கிராமமொன்றின் கோஷ்டிச் சண்டையோடு தொடர்புடையதாகப் பேசப்பட்டது. தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இயக்கத்தார் கூறினர். ஆயினும் அறவழி என்று சொல்லிவந்த ஊரின் மீது அந்தப் புகை படியாமல் போகவில்லை.

இவ்வளவுக்கும் முடிவு என்ன? 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. 15 நிபந்தனைகளும் விதித்தது. போராடியவர்கள் மீதான குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. அவ்வாண்டு அக்டோபர் 22-இல் முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது. 2014-இல் உதயகுமார் கன்னியாகுமரித் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார்; தோற்றார். 2016-இல் இராதாபுரத்தில் சட்டமன்றத்துக்கு நின்றார், அங்கும் தோற்றார். போராட்டத்துக்குத் திரண்ட ஊர்கள் வாக்குச் சீட்டில் வேறு கணக்குப் போட்டன. 3, 4 உலைகளின் கட்டுமானம் 2017-இலும், 5, 6 உலைகளின் கட்டுமானம் 2021-இலும் தொடங்கின. வழக்குகளோ நெடுநாள் இழுத்தன. வளைகுடாவுக்கு வேலைக்குச் செல்ல எண்ணிய இளைஞர்கள் வழக்கின் பெயரால் பாஸ்போர்ட் கிடைக்காமல் அலைந்தனர்.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரே வரியில் விடை இல்லை. அனைத்துலக அணுசக்தி முகமை 1957-இல் தோன்றியபோதே திருப்பீடமும் அதில் உறுப்பினராயிற்று. நன்மைக்கான அணுசக்தியை அது விலக்கவில்லை. ஜப்பான் ஆயர்களோ 2011 நவம்பரில் அணுமின் நிலையங்களை உடனே மூடுமாறு வேண்டினர். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பரில் ஜப்பானிலிருந்து திரும்பும் வானூர்தியில், முழுப் பாதுகாப்பு உறுதியாகும்வரை அணுமின்சக்தியைத் தாம் பயன்படுத்தமாட்டேன் என்றும், அது தமது சொந்தக் கருத்து என்றும் கூறினார். ஆகவே நம் பங்கில் இரு கருத்தினரும் இருப்பதில் பிழையில்லை. உலை வேண்டும் என்பாரும் இம்மலரைத் தயக்கமின்றிப் படிக்கலாம்.

நம்மில் பலருடைய பெற்றோர் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேறி இம்மாவட்டத்துக்கு வந்தவர்கள். வந்த புதிதில் சந்தையிலும் பள்ளியிலும் "சிலோன்காரன்" என்று ஒதுக்கப்பட்டதை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு ஊரையே ஒரு பெயரால் ஒதுக்குவது எத்தகையது என்பது அறியாத மக்களல்லர் நாம். அறிந்திருந்தும் 2012-இல் கோயில் முற்றத்தில் நின்று அப்படிப் பேசினோம். மலர்க்குழுவில் இக்கட்டுரைக்கு இடம் கேட்டுப் பிடிவாதம் பிடித்ததற்கு அதுவே காரணம்.

நம் பங்கிலிருந்து உவரி அந்தோனியார் திருத்தலத்துக்கும் மணப்பாட்டுக்கும் திருயாத்திரை செல்வோர் உண்டு. உவரியிலிருந்து கடற்கரை ஓரமாகவே மேற்கே சென்றால் இடிந்தகரை வரும். அடுத்த முறை வண்டி பேசும்போது அவ்வூரையும் சேர்த்துக்கொள்ளலாம். லூர்து மாதா கோயில் முற்றத்தில் ஒரு செபமாலை சொல்லும் நேரம் இருந்தால் போதும்.